மாற்றிய பாகங்களும் மாறாத அதிர்வும்

சென்னை அண்ணா சாலையில் ஒரு சிக்னல். பதினைந்து வயதான பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று ஏசி ஓட, லீவர் 'டி'யில் இருக்க, பிரேக் மிதித்தபடி நிற்கிறது. ஸ்டீயரிங் நடுங்குகிறது. டேஷ்போர்டில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் கடகடக்கிறது. ஆர்பிஎம் முள் 500 வரை இறங்கி, அணைந்துவிடுமோ என்று பயமுறுத்திவிட்டு மீண்டும் ஏறுகிறது. லீவரை 'என்'னுக்குத் தள்ளினால் கொஞ்சம் அடங்குகிறது. பச்சை விழுந்து கார் நகர்ந்துவிட்டால் ஒரு குறையும் தெரிவதில்லை.

இதன் பிறகு நடப்பது பல வீடுகளில் ஒரே மாதிரிதான். முதல் வாரம் பிளக் மாறுகிறது. அடுத்த முறை இக்னிஷன் காயில். அதற்கடுத்து ஆக்சிஜன் சென்சார், பிறகு பெட்ரோல் பம்ப். கடைசியில் யாராவது ஒருவர், "ஆட்டோமேட்டிக் வண்டி சார், கியர்பாக்ஸ் போயிருக்கும்" என்று சொல்லிவிடுகிறார். மொத்தச் செலவு காரின் மறுவிற்பனை விலையில் பாதியை நெருங்கும்போது, ஓடுகிற வண்டி பழைய கார் வியாபாரியிடம் போய்ச் சேர்கிறது. அங்கே த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவியதும் அதிர்வு நின்றுபோவதும் உண்டு.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாற்றிய பாகத்துக்குப் பில் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர், பழுது எங்கே என்று ஒரு மணி நேரம் தேடியதற்கு ஐநூறு ரூபாய் கேட்டால் முகம் சுளிக்கிறார். "பார்த்ததுக்கே காசா?" என்ற கேள்வி எழுகிறது. தேடும் வேலைக்குக் கூலி கிடைக்காத இடத்தில் யாரும் தேடமாட்டார்கள், பாகத்தைத்தான் மாற்றுவார்கள். இந்த வழக்கம் மாறியே ஆக வேண்டும். குறைந்த ஐடிலிங், அதிர்வு என்கிற இந்த ஒரே கோளாறை எடுத்துக்கொண்டாலே, ஏன் மாற வேண்டும் என்பது புரிந்துவிடும்.

முதலில், 'டி'யில் நிற்கும்போது ஏன் அதிர்வு கூடுகிறது? மேனுவல் கார் சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலில் இருக்கும், அல்லது கிளட்ச் மிதிபட்டிருக்கும். என்ஜின் தன்னை மட்டும் சுழற்றிக்கொண்டால் போதும். டார்க் கன்வெர்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் அந்த விடுதலை கிடையாது. கன்வெர்டருக்குள் என்ஜின் பக்கத்துச் சக்கரம் ஆயிலைச் சுழற்றி எறிகிறது. கியர்பாக்ஸ் பக்கத்துச் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. நகர முடியாத அந்த ஆயிலைக் கலக்கிக்கொண்டே இருப்பது என்ஜினுக்கு ஓயாத சுமை. ஏசி கம்ப்ரஸரும் சேர்ந்துகொண்டால் சுமை இன்னும் ஏறும். பெரும்பாலான பெட்ரோல் கார்கள் சூடேறிய பிறகு 650 முதல் 850 ஆர்பிஎம் வரையில் ஐடிலிங்கில் ஓடும்படி அமைக்கப்பட்டவை. சுமை ஏறும்போது கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் காற்றைத் திறந்துவிட்டு அந்த வேகத்தைக் காப்பாற்றுகிறது. என்ஜினில் சின்னப் பலவீனம் இருந்தால் மேனுவல் காரில் அது மறைந்து கிடக்கும், ஆட்டோமேட்டிக்கில் சிக்னலுக்குச் சிக்னல் வெளியே தெரியும். கியர்பாக்ஸ் மீது சந்தேகம் விழுவதற்கு இதுதான் காரணம். பல நேரங்களில் கியர்பாக்ஸ் ஒரு தவறும் செய்திருக்காது.

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு இயந்திரங்கள் ஓடுகின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹூண்டாய் ஐ10, மாருதி ஏ-ஸ்டார் போன்றவற்றின் பழைய ஆட்டோமேட்டிக்குகளில் இருப்பது டார்க் கன்வெர்டருடன் கூடிய நான்கு கியர் பெட்டி. 2014-ல் மாருதி செலிரியோவில் வந்து பரவலான ஏஎம்டி அப்படியல்ல. அது சாதாரண கிளட்ச்தான், காலுக்குப் பதில் மோட்டார் மிதிக்கிறது. பிரேக் பிடித்து நிற்கும்போது கிளட்ச் விலகியிருப்பதால் மேலே சொன்ன சுமை அதில் இல்லை. ஆகவே, ஏஎம்டி காருக்குப் பொருந்திய வைத்தியத்தைப் பழைய ஐ10-க்குச் செய்வதில் அர்த்தமில்லை.

காசு செலவில்லாத சோதனைகளை உரிமையாளரே வீட்டு வாசலில் செய்துவிடலாம். என்ஜின் நன்றாகச் சூடேறட்டும். ஏசியை அணைத்து 'என்'னில் முள் எங்கே நிற்கிறது, பிரேக்கை அழுத்திப் பிடித்து 'டி'யில் எங்கே இறங்குகிறது, பிறகு ஏசியைப் போட்டால் என்ன ஆகிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுத வேண்டும். காலையில் குளிர்ந்த என்ஜினிலும் அதையே பார்க்க வேண்டும். முள் 700-ல் ஆடாமல் நிற்கிறது, ஆனால் உள்ளே இருப்பவருக்கு உடம்பெல்லாம் அதிர்கிறது என்றால் என்ஜின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் செத்துவிட்டது. முள்ளே கீழே இறங்கிக் கிடந்தால் காற்று போதவில்லை. முள் இறங்காமல், தாளம் தப்பியதுபோல் 'டப்... டப்' என்று இடைவெளி விட்டு உதறினால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. ஏசி போட்டவுடன் மட்டும் சாகப் போனால், சுமைக்கு ஈடுகொடுத்துக் காற்றைத் திறக்கும் அமைப்பைப் பார்க்க வேண்டும். கார் நிற்கப்போகும் கடைசி நொடியில், மேனுவல் காரில் கிளட்ச் மிதிக்க மறந்ததுபோல் குலுங்கி அணைகிறது என்றால், அப்போதுதான் டார்க் கன்வெர்டரின் இரு பக்கத்தையும் இணைக்கும் லாக் விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கியர்பாக்ஸ் பக்கம் திரும்புவது நியாயம்.

பட்டறைக்குள் நுழைந்ததும் "வண்டி மிஸ் ஆகுது" என்று சொல்வதற்கும், "என்-ல 720, டி-ல 560, ஏசி போட்டா 480, காலையில இந்தத் தொந்தரவு இல்லை" என்று சொல்வதற்கும் இடையில் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கிறது.

மவுண்டிங் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. பல கார்களில் ஒரு மவுண்டிங்காவது உள்ளே திரவம் நிரப்பியதாக இருக்கும். ரப்பர் கிழிந்து அந்தத் திரவம் ஒழுகிவிட்டால், வெளியே பார்க்க முழுசாக இருந்தாலும் அதிர்வைத் தடுக்கும் சக்தி போய்விடும். ஹேண்ட்பிரேக்கும் கால் பிரேக்கும் சேர்த்துப் பிடித்து, காரின் முன்னும் பின்னும் யாரும் நிற்காமல், ஒருவர் லீவரை 'ஆர்'க்கும் 'டி'க்கும் மாற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று திறந்த பானெட்டுக்குள் பார்த்தால் போதும். என்ஜின் ஒரு விரல் அளவுக்குமேல் எழும்பி விழுந்தால் சந்தேகம் உறுதி. சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலிருந்து வாங்கி வரும் மலிவான மவுண்டிங் கெட்டியான ரப்பராக இருந்துவிட்டால், புதிது போட்ட பிறகும் அதிர்வு கூடும். விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் நல்ல பாகம் போட வேண்டிய இடம் இது.

இனி காற்று. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். என்ஜின் உயிரோடு இருப்பது மயிரிழை அளவுள்ள ஓர் இடைவெளி வழியாக நுழையும் காற்றில். பழைய கேபிள் த்ராட்டில் வண்டிகளில் அந்தக் காற்றைக் கூட்டிக் குறைக்கத் தனியாக ஒரு ஐடில் வால்வு இருக்கும். என்ஜினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவியும் புழுதியும் கலந்து, வருடக்கணக்கில் தட்டின் விளிம்பில் கறுப்பாக ஒட்டுகின்றன. ஏர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்தால், பளபளக்க வேண்டிய உலோகத்தில் தார் பூசியதுபோல் ஒரு வளையம் தெரியும். இடைவெளி அடைபட்டுவிட்டது, ஐடிலிங் இறங்கிவிட்டது, விஷயம் இவ்வளவுதான். த்ராட்டில் கிளீனர் நனைத்த துணியால் துடைத்து, வால்வையும் சுத்தம் செய்தால் தீரும். மின்னணு த்ராட்டில் உள்ள வண்டிகளில் சுத்தம் செய்த பிறகு கம்ப்யூட்டருக்குப் புதிய நிலையைக் கற்றுக்கொடுக்கும் ஒரு முறை இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் ஐடிலிங் ஏறியோ இறங்கியோ சில நாள் அலையும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய மறுநாள் கார் சரியாக நிற்காமல் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்த இடத்தில் பட்டறைகளில் நடக்கும் ஒரு குறுக்குவழியைக் கடுமையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. "ஐடிலிங் ஏத்தி வெச்சிட்டேன் சார், இனி ஆஃப் ஆகாது" என்று த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பிவிடுவது. மேனுவல் காரிலேயே அது தவறு. ஆட்டோமேட்டிக்கில் ஆபத்து. 'டி'யில் போட்டதும் கார் முன்னைவிட வேகமாக முன்னால் உந்தும். நெரிசலில் எந்நேரமும் பிரேக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். லீவர் மாற்றும்போது 'தட்' என்று அடி விழும். தட்டு மூடியிருக்கிறது என்ற தகவல் கிடைக்காததால் கம்ப்யூட்டரின் கணக்கும் குழம்பும். அடைந்திருந்த கரி அப்படியே இருக்கும். தொழிற்சாலையில் அமைத்த அந்த ஸ்க்ரூவைத் தொட்ட பிறகு, அடுத்து பார்க்க வருபவருக்கு எது சரியான நிலை என்றே தெரியாது.

காற்று போதாமல் போவது ஒரு வகை என்றால், கணக்கில் வராத காற்று நுழைவது இன்னொரு வகை. பத்துப் பதினைந்து வருடம் என்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் குழாய்கள் விறைத்து வெடிக்கின்றன. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், என்ஜின் ஆவியைத் திருப்பி அனுப்பும் பிசிவி குழாய், இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கட் ஆகிய இடங்களில் நூல் போன்ற விரிசல் இருந்தாலும் போதும். காதைக் கிட்ட வைத்தால் 'ஸ்ஸ்' என்ற உறிஞ்சல் கேட்கும். பெட்ரோல் எரிய, எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள காரில், சென்சாரைத் தாண்டி உள்ளே வரும் காற்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது; கலவை நீர்த்துப்போய் என்ஜின் உதறும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் கார்களில் (நம் ஊர்ச் சின்னக் கார்கள் பல இந்த ரகம்) அதே ஓட்டை பெரும்பாலும் ஐடிலிங்கை ஏற்றிவிடும். எனவே, 'அதிர்வா? எங்கேயோ ஏர் லீக்' என்று எல்லாக் காருக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் ஐடிலிங் மாறுகிறது, பெடல் கல்லாக இறுகுகிறது என்றால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அது பூஸ்டர் பக்கத்து ஓட்டை, பிரேக்கின் பலத்தோடு சம்பந்தப்பட்டது.

ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கார்ப் கிளீனரைச் சூடான என்ஜின் மேல் பீய்ச்சுவது பழைய வழக்கம். ஓட்டையுள்ள இடத்தில் பட்டால் ஆர்பிஎம் மாறும் என்பது உண்மைதான். சைலன்சர் பக்கம் பட்டால் தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. மேனிஃபோல்டுக்குள் புகை செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் முறை பாதுகாப்பானது. இப்போது அந்தக் கருவி சிறிய பட்டறைகளாலும் வாங்க முடிகிற விலைக்கு வந்துவிட்டது.

ஸ்கேனரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். பணம் அதிகம் வீணாகும் இடம் அதுதான். ஸ்கேனர் செருகியதும் 'பி0171' என்று ஒரு குறியீடு வருகிறது. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். இந்தத் தகவலைச் சொன்னது யார்? ஆக்சிஜன் சென்சார். உடனே ஆக்சிஜன் சென்சார் பழுது என்று முடிவுகட்டிப் புதிது மாற்றுகிறார்கள். உண்மையைச் சொன்ன சென்சார் குப்பைக்குப் போகிறது, புதிதாக வந்ததும் அதே உண்மையைச் சொல்கிறது, விளக்கு மறுபடி எரிகிறது. குறியீடு என்பது புகார். அதை விசாரிக்க வேண்டியது மனிதர்.

விசாரிக்கத் தேவையான எண்கள் அதே ஸ்கேனரின் லைவ் டேட்டா பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபியூயல் ட்ரிம் என்று ஒரு வரி. கலவையைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். கூட்டலோ கழித்தலோ பத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஐடிலிங்கில் கூட்டல் 22 என்று இருந்து, ஆக்சிலேட்டர் கொடுத்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 3 அல்லது 4-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது காற்று ஓட்டை. ஐடிலிங்கில் என்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஓட்டை வழியே வருவது பெரிய பங்கு. வேகம் கூடி நிறையக் காற்று போகும்போது அதே ஓட்டையின் பங்கு ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து, வேகத்தில் ட்ரிம் ஏறினால் பெட்ரோல் பம்போ ஃபில்டரோ போதவில்லை. ஒரு பாகத்தையும் கழற்றாமல், ஐந்து நிமிடத்தில், இரண்டு எண்களில் இந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. இதைப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த ஐநூறு ரூபாய்.

'பி0301' என்று வந்தால் ஒன்றாம் சிலிண்டர் எரியவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள கார் என்றால், என்ஜினை அணைத்துவிட்டு ஒன்றாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். குறியீடு 'பி0303' ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் 301-லேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். செலவு பூஜ்யம். ஓடும் என்ஜினில் காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையை விட்டுவிட வேண்டும். ஷாக் அடிப்பது ஒரு பக்கம். எரியாத பெட்ரோல் நேராக கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும் என்பது இன்னொரு பக்கம். மிஸ்ஃபயரோடு மாதக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கும் இதே கதிதான்.

இப்போது எந்தக் கோளாறுக்கும் எத்தனால் மேல் பழி போடும் பழக்கம் வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் அறிமுகமாகி, இன்று நாடு முழுக்க அதுதான். பழைய கார்களின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது நியாயமான கவலை. மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதும் உண்மை. ஆனால், கணக்கு என்ன சொல்கிறது? பத்து சதவீத எத்தனாலிலிருந்து இருபதுக்கு மாறும்போது, அதே காற்றுக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. ட்ரிம் 22 காட்டும் காரில் மீதிப் பதினெட்டுக்கு வேறு காரணம் இருக்கிறது. எரிபொருள் கொள்கையைப் பற்றித் தனியாக விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். அதற்காகப் பிய்ந்துபோன குழாயை விட்டுவிட முடியாது.

கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு தாளையும் யாரும் பார்ப்பதில்லை. அது புகைச் சோதனைச் சான்றிதழ். பெட்ரோல் காரின் புகை ஐடிலிங்கில் அளக்கப்படுகிறது. பிஎஸ்-4 காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்கும் மேல் போகக் கூடாது. ஹைட்ரோகார்பன் எகிறி, மோனாக்சைடு குறைவாக இருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது என்று அர்த்தம். இரண்டுமே ஏறியிருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. சைலன்சருக்குள் குழாயை ஒழுங்காகச் செருகி எடுத்த அளவு என்றால், ஐடிலிங் கோளாறைத் தேடும் மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான சாட்சியம் அது. சான்றிதழ் கிடைத்தால் போதும் என்று அவசரமாக எண்ணை நிரப்பித் தருவது எங்கே நடந்தாலும், அது காற்றுக்கும் கேடு, கார் வைத்திருப்பவருக்கும் கேடு.

கேஸ் கிட் போட்டு நெடுங்காலம் ஓடிய கார்கள் தனி ரகம். கேஸ் எரிபொருளில் வால்வும் அது உட்காரும் இடமும் சீக்கிரம் தேய்ந்து, டாப்பெட் இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போகும். அப்போது எந்தச் சென்சாரை மாற்றியும் பயனில்லை. கம்ப்ரஷன் பார்த்தால் போதும், விஷயம் வெளிவந்துவிடும். சிலிண்டர்களுக்கு இடையே பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் என்ஜினே தேய்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து வருடத்தில் முடிந்து, ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் புதுப்பிப்புக்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்துகொள்கிறவர், இன்னும் ஐந்து வருடம் இந்த வண்டிக்குச் செலவழிக்கலாமா என்பதை எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஆக, கேட்க வேண்டியவை இவைதான். பட்டறையின் ஜாப் கார்டில் வண்டி உள்ளே வந்தபோது 'என்'னிலும் 'டி'யிலும் இருந்த ஆர்பிஎம், ஐடிலிங்கிலும் 2,500-லும் இருந்த ட்ரிம், வந்த குறியீடு, வேலை முடிந்த பிறகு அதே எண்கள் எல்லாம் எழுதப்பட வேண்டும். கழற்றிய பழைய பாகம் உரிமையாளர் கைக்கு வர வேண்டும். கண்டறியும் கட்டணம் என்று பில்லில் தனி வரி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் அதைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு குறைபாடுள்ள சேவை தந்தால், 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்கவும் முடியும். அப்போது எழுத்தில் இருக்கும் இந்த எண்கள்தான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. மோட்டார் வாகனமும் அதில் அடக்கம். ஆனால், உற்பத்தி நின்றுபோன ஒரு காருக்குச் சரியான ஐடிலிங் எவ்வளவு, த்ராட்டில் கழுவிய பிறகு கற்றுக்கொடுக்கும் முறை என்ன, வயரிங் படம் எங்கே என்று தெருமுனைப் பட்டறைக்காரர் தேடினால், இன்றும் செவிவழிச் செய்திதான் பெரும்பாலும் துணை. கார் கம்பெனிகள் பத்து வருடம் கடந்த மாடல்களின் சர்வீஸ் மேனுவலையாவது கட்டணமின்றி வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்லட்டும். ஐடிஐ-களில் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மேனுவல் தமிழில் கிடைக்கட்டும். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அதே மேசையில், ஃபியூயல் ட்ரிம் வரியைப் படிப்பதும் பாடமாகட்டும்.